கோச்சா, கோச்சியா? லண்டனில் அவுட்லெட் கிராமத்துக்கு ஒருநாள் பயணம்

அக்கராயன் மகள்
எல்லோருக்கும் வணக்கம். வருகிற ஆடியில் லண்டன் போகிறேன். அக்காவின் மகளுக்குப் பூப்புனித நீராட்டு விழா. விசா கிடைத்ததே பெரிய கதை, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். விழா முடிந்து வரும் சனிக்கிழமை அக்காவின் ஊர்ச் சங்கத்தார் கோச் பிடித்துக்கொண்டு 'பிஸ்டர் வில்லேஜ்' என்ற அவுட்லெட் கடைத்தொகுதிக்கு ஒருநாள் பயணம் போகிறார்களாம். பெரிய பெயருள்ள கம்பனிகளின் உடுப்பு, கைப்பை, சப்பாத்து எல்லாம் கழிவு விலையில் கிடைக்கும் என்கிறார் அக்கா. என்னைக் கேளாமலே எனக்கும் ஓர் இருக்கைக்குக் காசு கட்டிவிட்டார்.

இந்தக் 'கோச்' பட்ட பாடு வேறு. தொலைபேசியில் அக்கா "கோச்சில் போகிறோம்" என்று சொல்ல, அம்மா அதைக் கோச்சி, அதாவது ரயில், என்று எடுத்துக்கொண்டு, எத்தனை மணிக் கோச்சி, இருக்க இடம் கிடைக்குமா என்று ஒரே விசாரணை. அது பஸ் என்று விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போய்விட்டது.

நான் பாடசாலை ஆசிரியை. செலவுக்கு என்று என்னிடம் இருப்பது 200 பவுண். ஒரு பவுண் 400 இலங்கை ரூபாய் என்று வைத்தாலும் 80,000 ரூபாய். அதைக் கொண்டுபோய் அங்கே கொட்டலாமா? யாராவது போயிருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

லண்டன் வட்டக்கச்சி
தங்கச்சி, நான் நான்கைந்து தடவை போயிருக்கிறேன். இடம் ஒக்ஸ்ஃபோர்ட்ஷயரில், லண்டனில் இருந்து ஏறத்தாழ 60 மைல். கிளிநொச்சியில் இருந்து வவுனியா போவதைவிடச் சற்றுக் கூடிய தூரம். எம்40 நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லாவிட்டால் கோச் ஒன்றரை மணித்தியாலத்தில் போய்விடும். சனிக்கிழமை என்றால் இரண்டு என்று வையுங்கள்.

1995இல் திறந்தார்கள். இப்போது 150க்கும் மேற்பட்ட கடைகள். ஒரு நீளமான நடைபாதை, இரண்டு பக்கமும் பலகை அடித்த வீடுகள் போலச் சின்னச் சின்னக் கடைகள். பார்க்க வடிவுதான். மழை பெய்தால் கடைக்குக் கடை நனைந்துகொண்டுதான் போக வேண்டும், குடை கொண்டுபோங்கள்.

அம்மா சொன்னதும் பிழையில்லை. அங்கே கோச்சியும் போகிறது. லண்டன் மெரிலபோன் நிலையத்தில் ஏறினால் வேகமான ரயில் ஏறத்தாழ 50 நிமிடத்தில் கொண்டுபோய்விடும். 2015இல் நிலையத்தைப் புதுப்பித்தபோது கடைத்தொகுதியின் பெயரையே அதற்கும் வைத்துவிட்டார்கள். இறங்கினால் கடை வாசல். சீன, அரபு மொழிகளிலும் அறிவிப்புச் செய்கிறார்கள் என்றால் வருகிறவர்கள் யார் என்று விளங்கும்.

மாங்குளம் மாஸ்டர்
கிராமம் என்கிறீர்கள். வயல் உண்டா? குளம் உண்டா? கிராம சேவையாளர் இருக்கிறாரா? குடியிருக்கும் ஒரு குடும்பத்தைக் காட்டுங்கள், நானும் வருகிறேன்.

ஆங்கிலத்தில் எழுதுவதைப் பார்த்தால் 'பைசெஸ்டர்' என்று வாசிக்க வேண்டும். வாயால் சொல்லும்போது 'பிஸ்டர்'. பெயரிலேயே எழுத்துகளுக்குக் கழிவு கொடுத்திருக்கிறார்கள்.

புதுக்குடியிருப்பு தம்பி
அக்கா, கால்பந்துச் சப்பாத்து மலிவாகக் கிடைத்தால் எனக்கு ஒரு சோடி. அளவு எட்டு. காசு அக்கராயனுக்கே கொண்டுவந்து தருகிறேன்.

முறிகண்டிப் பயணி
நான் கொழும்பு இரவு பஸ் 14 வருடம் ஓட்டியவன். என் மச்சான் இங்கிலாந்தில் கோச் ஓட்டுகிறான். அவன் சொன்னதை வைத்து எழுதுகிறேன், ஏறும் ஆட்களுக்குப் பயன்படும்.

முதலாவது, இருக்கைப் பட்டி. கோச்சில் பட்டி இருந்தால் கட்டாயம் போட வேண்டும், அது சட்டம். பின் இருக்கையில் சம்மணம் கொட்டிக்கொண்டு அந்தாக்ஷரி பாடலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டாவது, சாரதி நான்கரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். ஒருநாளில் ஓட்டக்கூடியது 9 மணித்தியாலம், கிழமையில் இரண்டு நாள் மட்டும் 10. எல்லாம் ஒரு கருவியில் பதிவாகிக்கொண்டிருக்கும். அதனால் திரும்பும் நேரத்தில் "ஒரு கடை மட்டும், ஓடி வருகிறேன்" என்று கேட்டால் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். கோபத்தில் அல்ல, அவனுடைய கணக்கு அப்படி.

மூன்றாவது, வழியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயில் இல்லை. தேங்காய் உடைக்க, கச்சான் வாங்க, கால் கழுவ என்று இடையில் நிறுத்த மாட்டார்கள். இந்தத் தூரத்துக்கு ஒரே ஓட்டம். வெளிக்கிடும் முன் எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஏறுங்கள்.

(நான் ஓட்டிய காலத்தில் எனக்கு யாரும் 45 நிமிடம் தரவில்லை. ஒரு பிளேன்டீயும் பிள்ளையாரும்தான்.)

பாரிஸ் மல்லாவி
வெளிநாட்டுக் கடவுச்சீட்டு இருந்தால் விமான நிலையத்தில் வரிப் பணம் திரும்பக் கிடைக்கும். படிவத்தைக் கடையிலேயே கேட்டு வாங்குங்கள். என் மாமி போன வருடம் பாரிஸ் வந்தபோது லா வலே வில்லேஜ் என்ற அவுட்லெட்டில் வாங்கிவிட்டு அப்படித்தான் எடுத்தார்.

லண்டன் வட்டக்கச்சி
அண்ணா, அது உங்கள் பக்கத்துக் கதை. பிரான்சில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்கள் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் இன்றும் எடுக்கலாம். இங்கே அந்த வசதியை 2020 டிசம்பரோடு நிறுத்திவிட்டார்கள். வட அயர்லாந்தில் மட்டும் இருக்கிறது. கடையில் பொருளை வாங்கித் தூக்கிக்கொண்டு போனால் 20 வீத வரி போனதுதான். எங்கள் சனம் இன்னும் ஹீத்ரோவில் படிவத்தோடு நின்று தேடுகிறது.

பாரிஸ் மல்லாவி
திருத்தியதற்கு நன்றி. அப்படியென்றால் பாரிஸ் வாருங்கள் தங்கச்சி. லா வலே டிஸ்னிலாந்துக்குப் பக்கத்தில்தான், ஆர்இஆர் என்ற புறநகர் ரயிலில் வந்துவிடலாம்.

மாங்குளம் மாஸ்டர்
அவருக்கு ஒரு விசா எடுக்கவே உயிர் போய்வந்தது. நீங்கள் இரண்டாவதுக்குக் கூப்பிடுகிறீர்கள்.

ஊசிநூல்
இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன், இனிப் பேசாமல் இருக்க முடியாது. நான் கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையில் 9 வருடம் வேலை செய்தவள். ஆறு வருடம் லைனில் தைத்தேன், மூன்று வருடம் பொதியிடும் பகுதி. இப்போது தருமபுரத்தில் சொந்தமாகத் தையல் கடை.

கழிவு விலை என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். எதில் இருந்து கழிவு? பொதியிடும் பகுதியில் விலை அட்டையைக் கட்டுகிறவர்கள் நாங்கள்தான். அட்டைகள் அச்சடித்தே வரும், பவுண் ஒரு பக்கம், யூரோ ஒரு பக்கம். சில ஓடர்களில் ஒரே அட்டையில் இரண்டு விலை அச்சிட்டிருக்கும், மேலே கூடிய விலை, கீழே குறைந்த விலை. அந்த உடுப்பு இன்னும் பெட்டிக்குள்ளேகூடப் போகவில்லை. கப்பல் ஏறவில்லை. எந்தக் கடையிலும் கூடிய விலைக்குத் தொங்கவில்லை. அதன் கழிவு பிறந்தது எங்கள் மேசையில். முதல் தடவை பார்த்தபோது அச்சுப் பிழை என்று நினைத்து சுப்பவைசரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அவுட்லெட்டுக்கு என்றே தைக்கும் உடுப்பு வேறு, பெரிய கடைக்குத் தைத்து மிஞ்சிய உடுப்பு வேறு. இரண்டிலும் ஒரே பெயர்தான் இருக்கும். வித்தியாசம் உள்பக்கத்தில். அதனால் தங்கச்சி, கையில் எடுத்ததும் உள்ளே வெளியே பிரட்டுங்கள். கண்ணாடி முன்னால் போவது அதற்குப் பிறகு.

தையலைப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்குள் 12 தையல் விழ வேண்டிய சட்டையில் 8 விழுந்திருந்தால் யாரோ நேரத்தையும் நூலையும் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். தையலுக்கு உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு நூல் அகலம்தான் என்றால் நாளைக்கு நீங்கள் கொஞ்சம் உடம்பு வைத்தாலும் பிரித்துவிட வழியில்லை. கோடு போட்ட சட்டை என்றால் பொக்கற்றின் கோடும் உடம்பின் கோடும் ஒட்டி ஓடுகின்றனவா? ஒட்ட வைக்கத் துணி கூடுதலாகப் போகும், அதனால் மலிவு ஓடரில் அதை யாரும் பார்ப்பதில்லை. கழுத்துப் பட்டியைக் கசக்கிவிட்டு விடுங்கள், உள்ளே ஒட்டிய துணி தனியாகக் குமிழ் விடுகிறதா என்று தெரியும். மேலதிக பொத்தான் ஒன்று உள்ளே தைத்திருந்தால் நல்ல அறிகுறி. கைப்பையில் விளிம்பில் பூசிய பூச்சை நகத்தால் மெல்லத் தடவுங்கள், சிப்பைப் பத்துத் தடவை இழுங்கள். கடைக்காரப் பிள்ளை பார்த்தால் பார்க்கட்டும்.

இன்னொன்று. குறை உள்ளது என்று எழுதித் தனியாக வைத்திருந்தால் அதைத்தான் முதலில் பாருங்கள். ஒரு நூல் தடித்துவிட்டது என்று இரண்டாம் தரத்துக்குத் தள்ளிய நல்ல சட்டைகள் எத்தனையோ என் கையால் போயிருக்கின்றன. அப்படி ஒன்றை நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன்.

மாங்குளம் மாஸ்டர்
இதைத்தான் நான் முதலில் இருந்தே சொல்கிறேன். முழு ஏமாற்று. பேசாமல் 200 பவுணையும் மடித்து வைத்துக்கொண்டு வாருங்கள்.

ஊசிநூல்
மாஸ்டர், நான் ஏமாற்று என்று சொல்லவில்லை. மலிவாகத் தைத்ததை மலிவாக விற்பதில் என்ன பிழை? பக்கத்தில் இன்னொரு விலையை எழுதிவைப்பதைத்தான் சொன்னேன்.

லண்டன் வட்டக்கச்சி
நானும் கொஞ்சம் நியாயம் பேச வேண்டும். அங்கே இருப்பது முழுவதும் அப்படி இல்லை. பெரிய கடைகளில் போன வருடம் தொங்கிய உடுப்பும் வருகிறது. 2017இல் வாங்கிய குளிர் மேலங்கியை இன்றும் போடுகிறேன், அதே இலக்கத்தை லண்டன் கடையில் இரண்டு மடங்கு விலைக்குப் பார்த்துவிட்டுத்தான் போனேன். பொருளின் இலக்கத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். வேறு எங்குமே விற்காத இலக்கம் என்றால் ஊசிநூல் அக்கா சொன்ன வகையாக இருக்கலாம்.

மாஸ்டருக்கு ஒரு செய்தி. சொமர்செட்டில் ஸ்ட்ரீட் என்று ஓர் ஊர். கிளார்க்ஸ் சப்பாத்துக் கம்பனி 1825இல் தொடங்கிய இடம். தொழிற்சாலை நின்றுபோன பிறகு அந்தக் கட்டடங்களிலேயே 1993இல் அவுட்லெட் கடைகள் திறந்தார்கள். அங்கே போனால் பழைய தொழிற்சாலைப் புகைபோக்கியையாவது காட்டலாம். பிஸ்டரில் அப்படி ஒன்றும் கிடையாது, நேரே கடையாகவே கட்டினார்கள்.

ஊசிநூல்
அதுவும் நல்ல பொருத்தம்தான். அவர்களிடம் தொழிற்சாலை இல்லாத தொழிற்சாலைக் கடை. எங்களிடம் கடை இல்லாத தொழிற்சாலை.

அக்கராயன் மகள்
அக்கா, உங்களுக்குக் கோடி நன்றி. ஒரு சின்னச் சந்தேகம். கடைக்குள் நின்று அடிமட்டம் வைத்தா அளப்பது? வெட்கமாக இருக்காதா?

ஊசிநூல்
அடிமட்டம் எதற்கு? கட்டைவிரலின் மேல் கணு கிட்டத்தட்ட ஓர் அங்குலம். இன்றைக்கே அடிமட்டத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் லைனில் அப்படித்தான் எண்ணுவோம்.

நெடுங்கேணி அன்ரி
பிள்ளை, நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான் மகளிடம் போயிருந்தபோது இதே இடத்துக்கு ஒரு சுற்றுலாக் கம்பனியின் கோச்சில் போனோம். ஐந்து மணிக்கு நிற்கச் சொன்னார்கள். நான் ஒரு கடையில் காசு கட்டும் வரிசையில் மாட்டிக்கொண்டேன். ஓடிவந்து பார்த்தால் ஐந்தேகால், நின்ற இடத்தில் கோச் இல்லை. மகள் கோச்சுக்குள், என் கைப்பேசி அவளுடைய பைக்குள். கையில் ஒரு கம்பளிப் போர்வையும் பற்றுச்சீட்டும் மட்டும். ஆங்கிலம் எனக்கு ஆனா ஆவன்னா மட்டுக்கும்தான்.

தலையில் முக்காடு போட்ட ஒரு பிள்ளை, சோமாலியாவாக இருக்க வேண்டும், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் ரயில் நிலையத்தில் விட்டாள். மகளின் இலக்கம் எனக்குப் பாடம், அவளுடைய கைப்பேசியில் அழுத்திக் கதைத்தேன். டிக்கெட்டுக்குக் காசையும் அவளே போட்டாள், திருப்பிக் கொடுக்க விலாசம் கேட்டேன், தரவில்லை. மெரிலபோனுக்கு மகள் மருமகனை அனுப்பியிருந்தாள். கோச் வந்து சேர முதல் நான் வீட்டுக்குப் போய்த் தேநீர் குடித்துவிட்டேன்.

ஆகவே பிள்ளை, இலக்கங்களைக் கடதாசியில் எழுதி உடம்போடு வைத்திருங்கள்.

அக்கராயன் மகளின் அம்மா சார்பில், அக்கராயன் மகள்
அன்ரி, இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நான் முதலே சொன்னேன், கோச்சிதான் நல்லது" என்கிறார்.

*(ஆறு கிழமைக்குப் பிறகு)*

அக்கராயன் மகள்
போய் வந்தாயிற்று. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

காலை ஏழரைக்குக் கோயில் வாகனத் தரிப்பிடத்தில் நிற்கச் சொன்னார்கள். எட்டுப் பத்துக்கு வெளிக்கிட்டோம், பிந்தியவர் சங்கச் செயலாளரே. சாரதி வெள்ளைக்காரர், ஐம்பது வயது இருக்கும். எல்லோரும் பட்டி போட்டிருக்கிறோமா என்று இருக்கை இருக்கையாக வந்து பார்த்தார். நெடுஞ்சாலை ஏறியதும் ரோல்ஸ் பெட்டி திறந்துவிட்டது. வாசனை முன்னுக்குப் போயிருக்க வேண்டும், இறங்கியதும் அவரிடம் ஒன்று நீட்டினோம். ஒன்றைத் தின்றுவிட்டு, இன்னொன்றைக் கடதாசியில் சுற்றி முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

இடம் வடிவுதான், வட்டக்கச்சி அண்ணா சொன்னது போலவே. பூச்சட்டி, வாங்கு, வெள்ளைப் பலகைச் சுவர். ஆனால் மாஸ்டர், நீங்கள் கேட்டபடி நானும் தேடினேன். ஒரு கோழியைக்கூடக் காணவில்லை. மேல்மாடி யன்னல்களைப் பார்த்தால் உள்ளே யாரோ குடியிருப்பது போல இருக்கும். நின்று பார்த்தேன், ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

முதல் இரண்டு கடைகளில் கைப்பையைத் தூக்கி விலை பார்த்துவிட்டு மெல்ல வைத்தேன். எங்கள் சம்பளத்தில் பல மாதம். மூன்றாவது கடையில் ஒரு வெள்ளைப் பருத்திச் சட்டை. மேலே 130, கீழே 65. ஊசிநூல் அக்காவின் குரல் காதில் கேட்டது. பிரட்டினேன். கழுத்தடியில் சின்னச் சீட்டு, இலங்கையில் தயாரித்தது என்று இருந்தது.

அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். பெருமையா என்று கேட்டால் பெருமையும் இல்லை. சின்ன வகுப்பில் படித்த பிள்ளையைக் கொழும்பில் பஸ்ஸுக்குள் கண்டது போல, பெயர் வாயில் வரவில்லை. பிறகு கட்டைவிரலை வைத்து எண்ணினேன். ஒன்பது. திரும்பவும் எண்ணினேன், ஒன்பதுதான். கடைப் பிள்ளை வந்து உதவி வேண்டுமா என்று கேட்டாள். தையலை எண்ணுகிறேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவளும் குனிந்து என்னோடு சேர்ந்து எண்ணினாள். "எனக்கு இது யாரும் சொல்லித்தரவில்லை" என்றாள். சட்டையைத் திரும்ப மாட்டிவிட்டு வந்தேன்.

வாங்கியவை: கணவருக்கு ஒரு தோல் பணப்பை 28 பவுண், கீறல் விழுந்தது என்று தனியாக வைத்திருந்தார்கள், கீறலைக் கண்டுபிடிக்கவே நேரம் எடுத்தது. அம்மாவுக்குக் கம்பளிக் கழுத்துத் துணி 18 பவுண். அக்கராயன் வெயிலில் அதை எங்கே போடுவார் என்று தெரியவில்லை, ஆனால் கோயிலுக்கு எடுத்துப்போய் எல்லோருக்கும் காட்டியாயிற்று. தம்பியின் சப்பாத்து 45. மிச்சம் 109 பவுணோடு வந்தேன்.

மழை பெய்தது. ஐந்து மணிக் கோச்சுக்கு நாலரைக்கே எல்லோரும் ஏறி இருந்தோம், அன்ரியின் கதையை வரும்போதே வாசித்துக் காட்டியிருந்தேன். செயலாளர் உட்பட.

மாங்குளம் மாஸ்டர்
109 பவுண் மிச்சம் என்ற வரியை மட்டும் நான்கு தடவை வாசித்தேன். நல்ல பிள்ளை.

ஊசிநூல்
தங்கச்சி, அந்தச் சட்டையின் இடது பக்கத் தையலில், கழுவும் முறை எழுதிய சீட்டுக்குப் பின்னால் இன்னொரு குட்டிச் சீட்டு இருந்ததா? அதில் இலக்கம் இருக்கும். சில வேளை எந்தத் தொழிற்சாலை என்று அதில் இருந்து கண்டுபிடிக்கலாம்.

அக்கராயன் மகள்
ஐயோ, பார்க்கவில்லை அக்கா. ஆனால் நான் பிரட்டிக்கொண்டு நின்றதை அக்காவின் மகள் சிரித்துச் சிரித்துப் படம் எடுத்தாள். அனுப்பச் சொல்கிறேன். அதில் தெரிகிறதா பாருங்கள்.

புதுக்குடியிருப்பு தம்பி
அக்கா, சப்பாத்தை எப்போது வந்து எடுக்கலாம்?

அக்கராயன் மகள்
தம்பி, அதைத்தான் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் ஒரு கால் எட்டு, மற்றக் கால் எட்டரை. தையலை எண்ணினேன், அளவைப் பார்க்கவில்லை.

லண்டன் வட்டக்கச்சி
விற்கும்போது சொல்லாத குறை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துக் காசு கேட்கலாம், இங்கே சட்டம் இருக்கிறது. பற்றுச்சீட்டு உங்கள் அக்காவிடம்தானே? ஆனால் சப்பாத்து வேண்டுமே.

அக்கராயன் மகள்
பற்றுச்சீட்டு லண்டனில், சப்பாத்து அக்கராயனில். மன்னித்துவிடு தம்பி. காசு வேண்டாம்.

புதுக்குடியிருப்பு தம்பி
பொறுங்கள் அக்கா. எட்டரை எந்தக் கால்? எனக்கு இடது கால் கொஞ்சம் பெரிது.